அந்த ஆங்கிலம் என்னுடையதுதான்

1

போன வாரம் மதுரையிலிருந்து என் தம்பி ஜாபர் போன் செய்தான். அவனுடைய மூத்த மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கே.கே. நகரில் அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்களாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பனியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் படங்கள். அவர்கள் காட்டிய கல்லூரிகளில் நான் படிக்கும் பல்கலைக்கழகமும் இருந்திருக்கிறது.

"அக்கா, நீ படிக்கிற எடந்தானே. ஃபைனான்ஸ்ல டிகிரி. நம்ம புள்ளைய அங்க விட்டா நல்லாத்தானே நடத்துவாய்ங்க?" என்று கேட்டான்.

அடுப்பில் வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.  ஒரு வருடத்துக்கு முந்திய கோபம் திரும்பி வந்துவிட்டது. ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இங்கிருந்து ஊருக்குப் போகும் செய்திகளில் பனி இருக்கும், சிவந்த இலைகள் இருக்கும், புதுக் கார் இருக்கும். அவமானத்தைப் படம் பிடித்து யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. நானும் அனுப்பவில்லை. அதனால் ஜாபருக்கு மட்டுமில்லாமல், பிள்ளைகளை விமானம் ஏற்றக் காத்திருக்கிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

2

என் பெயர் சபீனா. நெல்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தேன். முடித்ததும் கப்பலூர் தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகி, மகள் நிலோஃபர் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன்.

முதலாளி துளசிராம் சார் சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குப் போன் பேசும்போது அவருடைய பாஷை, மெஷின் ஓட்டுகிறவர்களிடம் மதுரைத் தமிழ். வெளியே போகும் கடிதங்களுக்கு ஆங்கிலம் வேண்டும். அது அவருக்குச் சரியாக வராது. அதனால் அது என் வேலை.

"சபீனாம்மா, தூத்துக்குடி போர்ட்ல நம்ம சரக்கு நின்னுருச்சு. ஒரு லெட்டர் போடுங்க. நல்லா கெட்டியா இருக்கட்டும்" என்பார்.

கெட்டியான ஆங்கிலம் எது என்று எனக்குத் தெரியும். 'இதனை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்', 'மேற்கூறிய காரணங்களை முன்னிட்டு', 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று வரிவரியாக இஸ்திரி போட்டு நிற்கும் ஆங்கிலம். கல்லூரிப் புத்தகங்களைப் பார்த்தும் ஆபீஸின் பழைய கோப்புகளைப் பார்த்தும் நானாகக் கற்றுக்கொண்டது. அந்த ஆங்கிலத்துக்குத் துறைமுகத்தில் சரக்கு நகர்ந்தது. பேங்க் மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அது என்னுடைய ஆங்கிலம் இல்லை என்று அன்றைக்கு யாரும் சொன்னதில்லை.

கனடாவுக்கு வந்தபோது முதல் அடி என் பட்டத்தின் மேல் விழுந்தது. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். 'மூன்று வருட இளநிலைக் கல்வி' என்று ஒரு வரி திரும்பி வந்தது. பட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. போன் செய்து கேட்டேன். "உங்கள் நாட்டில் அது பட்டமாக இருக்கலாம்" என்றாள் போனில் பேசிய பெண், மிகவும் இனிமையான குரலில். இருக்கலாமாம். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாங்கள் இருப்பது டொரண்டோவிலிருந்து மேற்கே, ஒரு நடுத்தர ஊர். பெயர் வேண்டாம். மதுரையில் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் கணவர் இக்பால் இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறார். நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது, அடுத்த தேதி சொல்வது. நிலோஃபர் பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரப் போன அன்று அவளோடு போயிருந்தேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோதே முடிவு செய்தேன். இவர்கள் பட்டம் என்று ஒப்புக்கொள்ளும் ஒன்றை இவர்களிடமே வாங்கிவிடுவது. அடுத்த பருவத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ஃபைனான்ஸ் இளநிலைப் படிப்பில் சேர்ந்தேன். என் தலையில் அப்போதே நரை.

நிலோ உளவியல் படித்தாள். முதல் நாள் காரில் போகும்போது சொன்னாள், "அம்மா, கேம்பஸ்ல என்னப் பாத்தா கூப்பிடாத. சரியா?"

சரி என்றேன். என்ன சொல்ல முடியும்?

3

இரண்டாம் வருடம் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வகுப்பு. பாடம் நடத்தியவர் பெரிய ஆள், நல்ல பேச்சுக்காரர், மாணவர்களுக்குப் பிடித்தவர். முதல் வாரத்திலேயே கையைத் தூக்கி, "சார், எனக்கு ஒரு டவுட்" என்றேன் ஆங்கிலத்தில். பசுமலையில் தினமும் சொன்ன வாக்கியம்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "நான் சொல்வதை நீங்கள் நம்பவில்லையா?"

வகுப்பு சிரித்தது. நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. இங்கே அது அவநம்பிக்கை. பாடத்தில் ஒரு இடம் புரியவில்லை என்று விளக்கிச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவரும் சிரித்து, "கேள்வி என்று சொன்னால் போதும்" என்றார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் கையைத் தூக்குவது குறைந்துபோனது. புத்தகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் ஒரு பாடம் வந்தது. ஒரு தொழில் வருங்காலத்தில் சம்பாதிக்கப் போவதற்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று கணக்கிடுவது எப்படி என்பது பாடம். எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும். அது நியாயம்தான். அடுத்த பக்கத்தில், அந்தத் தொழில் இந்தியா மாதிரி ஒரு நாட்டில் இருந்தால், நாட்டுக்காகத் தனியாக இன்னும் ஒரு கழிவு. அதே மெஷின், அதே வாஷர், அதே வாடிக்கையாளர். கப்பலூரில் இருக்கிறது என்பதற்காக மதிப்பு இறங்குகிறது.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது புதிய பாடமாகத் தெரியவில்லை. என் சான்றிதழுக்கு நடந்ததற்குச் சூத்திரம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

பருவ இறுதிக் கட்டுரைக்கு நான் அதையே எடுத்துக்கொண்டேன். மின்வெட்டு மோசமாக இருந்த காலத்தில் துளசிராம் சாரின் தொழிற்சாலை எப்படி நடந்தது என்று எழுதினேன். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து ஷிஃப்ட்டை மாற்றி மாற்றி வைத்தோம். பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து வந்தார்கள். ஒரு பெட்டிகூடத் தாமதமாகப் போகவில்லை. நாங்கள் சரக்கு அனுப்பிய அதே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வாஷர் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு தொழிற்சாலை, ஆபத்தே இல்லாத நாடு என்று புத்தகம் சொல்லும் நாட்டில் இருந்தது, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. அப்படியானால் அந்தக் கழிவு எதை அளக்கிறது என்று கேட்டிருந்தேன். சூத்திரம் தவறென்று சொல்லவில்லை. எந்த இடத்தில் அது கண்ணை மூடிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன்.

பல் ஆஸ்பத்திரி வேலைக்கும் சமையலுக்கும் நடுவில் எழுதிய கட்டுரை. இவ்வளவு பிடித்து நான் எதையும் எழுதியதில்லை. எழுதியது, எனக்குத் தெரிந்த கெட்டி ஆங்கிலத்தில்.

4

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை ஒரு மென்பொருள் சோதித்ததாகவும், அதில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டதாகத் தெரிவதாகவும், கல்வி நேர்மைக் குழு முன் நான் ஆஜராக வேண்டும் என்றும் இருந்தது. விசாரணை வேண்டாமென்றால், தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடலாம். கட்டுரைக்குப் பூஜ்யம், நேர்மையைப் பற்றி இணையத்தில் ஒரு சிறு வகுப்பு. அதோடு முடிந்துவிடும்.

எந்த வாக்கியங்கள் சந்தேகத்துக்குரியவை என்று மஞ்சள் பூசி அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். 'இதனை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்.' 'மேற்கூறிய காரணங்களை முன்னிட்டு.' எல்லாம் நான் கப்பலூரில் உட்கார்ந்து தட்டிய வாக்கியங்கள். மனுஷர் யாரும் இப்படி எழுதமாட்டார்கள் என்று அந்த மென்பொருளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். நாங்கள் மனுஷரில் சேர்த்தி இல்லையா?

சாயங்காலம் இக்பால் வந்ததும் காட்டினேன். கிடங்கின் குளிர் இன்னும் அவர் ஜாக்கெட்டில் இருந்தது. மெதுவாகப் படித்தார்.

"கையெழுத்துப் போட்டுறு சபீ. ஒரு பரிச்சை போனா போவுது. இவய்ங்ககிட்ட மல்லுக்கு நின்னு என்னத்த ஆவப்போவுது? சபூரா, பொறுமையா இரு."

"சபூரெல்லாம் அல்லாஹ்வுக்காக இருக்கேன் மச்சான். இவய்ங்களுக்காக எதுக்கு இருக்கணும்?"

"நான் ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

"நான் திருடலைன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப கையெழுத்துப் போடச் சொல்லாதீக."

அவர் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினார். நிலோ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பாதிக்குமேல் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்று மின்னஞ்சலில் இருந்தது. இக்பாலுக்கு விடுப்பு கிடைக்காது. "நான் வரேன்" என்றாள் நிலோ, யாரும் கேட்காமலே.

எனக்கு அவ்வளவு கோபத்திலும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் முறையாக என் மகள் என் பக்கத்தில் நடந்து வரப்போகிறாள்.

5

வட்ட மேசை. குழுத் தலைவியாக ஒரு பெண்மணி, மாணவர் அலுவலகத்திலிருந்து ஒருவர், எங்கள் பேராசிரியர். எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் தம்ளர், பக்கத்தில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. நான் அழுவேன் என்று உட்காருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

வெளியே நடையில் காத்திருந்தபோது நிலோ சொல்லியிருந்தாள், "அம்மா, கோபமாப் பேசாத. இங்க வாய்ஸ் ரெய்ஸ் பண்ணினா நீ சொல்றத யாரும் கேக்க மாட்டாங்க." அதனால் குரலை இறக்கியே வைத்திருந்தேன். அங்கே ஆங்கிலத்தில் நடந்த பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

"இந்தக் கட்டுரையை எழுதியது நீங்கள்தானா?" என்று தலைவி கேட்டார்.

"நான்தான்."

பேராசிரியர் முன்னால் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. வருத்தப்படுகிற முகம். "வகுப்பில் நீங்கள் பேசும் ஆங்கிலமும் இந்தக் கட்டுரையின் ஆங்கிலமும் ஒன்றாக இல்லை. அதுதான் எங்களுக்குக் குழப்பம்."

"நீங்கள் வீட்டில் பேசுவதும் புத்தகத்தில் எழுதுவதும் ஒன்றாகவா இருக்கிறது?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. உடனே நிலோ குறுக்கே வந்தாள். "அம்மா என்ன சொல்ல வருகிறார் என்றால், அவர் இந்தியாவில் அலுவலகக் கடிதங்கள் எழுதிப் பழகியவர். அதனால் அவர் எழுத்து நடை சற்றுப் பழையது."

அவள் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் மூன்று பேரும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்கள். முகங்கள் தளர்ந்தன. சரியான உச்சரிப்பில் பேசும் ஒருவர் கிடைத்துவிட்ட நிம்மதி. தலைவி அடுத்த கேள்வியை அவளிடமே கேட்டார்: "உங்கள் அம்மா வீட்டில் கணினியை எப்படிப் பயன்படுத்துவார்?" நிலோ பதில் சொன்னாள். அதற்கடுத்த கேள்வியும் அவளுக்கே. நான் ஆங்கிலத்தில் சொன்னதை என் மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே என்னை 'அவர்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நிலோ, வாய மூடு" என்றேன் தமிழில்.

அவளை அப்படி நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவள் வாய் திறந்தபடி நின்றது.

"மன்னிக்கவும், பதிவு செய்ய வேண்டியிருப்பதால் ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்றார் தலைவி.

"என் மகளை வாயை மூடச் சொன்னேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றேன். பிறகு பேராசிரியரைப் பார்த்தேன். "எந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சந்தேகம்? கேளுங்கள். எந்த வரியை வேண்டுமானாலும் கேளுங்கள்."

அவர் தாள்களைப் புரட்டினார். "மென்பொருளின் அறிக்கை மொத்தமாக..."

"நான் அறிக்கையைக் கேட்கவில்லை. கட்டுரையைக் கேட்கிறேன். நான்காம் பக்கத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன்?"

அவர் தலைவியைப் பார்த்தார். தலைவி தண்ணீர் குடித்தார்.

"நான் முழுவதும் படிக்கவில்லை" என்றார் பேராசிரியர். "அறிக்கை வந்துவிட்டால், விசாரணை முடியும்வரை மதிப்பிடுவதில்லை. அதுதான் நடைமுறை. இரண்டாம் பக்கம்வரை படித்தேன்."

இரண்டாம் பக்கம்வரை. கரண்ட் போன தொழிற்சாலையும், விடியற்காலை பஸ்ஸில் வந்த பெண்களும், நான் போட்ட கணக்கும் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதை யாரும் படிக்கவே இல்லை. தாங்கள் படிக்காத ஒன்றை நான் எழுதவில்லை என்று சொல்ல மட்டும் மூன்று பேர் நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

குரல் உயர்ந்ததா என்று எனக்கு நினைவில்லை. நான்காம் பக்கத்தைச் சொன்னேன். ஐந்தாம் பக்கத்தையும் சொன்னேன். எழுதியிருந்த சூத்திரத்தை அவருடைய வெள்ளைத் தாளிலேயே எழுதிக் காட்டினேன். இடையில் தலைவி இரண்டு முறை "போதும், நன்றி" என்றார். "போதாது" என்று சொல்லிவிட்டு முடிக்கும்வரை பேசினேன். காகிதப் பெட்டியை யாரும் தொடவில்லை.

6

காரில் திரும்பும்போது நிலோதான் ஓட்டினாள். 

"நான் உனக்கு ஹெல்ப் பண்ணத்தான் வந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"உன் இங்கிலீஷக் கேட்டு அவங்க சிரிச்சிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

"சிரிச்சாய்ங்களா?"

"இல்ல."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் வரும்ல? டீச்சர் உன்னப் பாத்துப் பேச ஆரம்பிப்பாங்க. ரெண்டு நிமிஷத்துல என்னப் பாத்துப் பேசுவாங்க. டாக்டர்கிட்ட போனாலும் அப்படித்தான். பேங்க்லயும். நான் கேக்கவே இல்ல. சின்னப் புள்ளைலேர்ந்து பழகிருச்சும்மா."

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இங்கே வந்து இறங்கிய ஏழு வயதுக் குழந்தையைப் பிடித்து, உன் அம்மாவுக்கு வாய் நீதான் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். பெற்றவளைப் பார்த்து வெட்கப்படவும் அவர்களே பழக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் என்னைக் கூப்பிடாதே என்று அவள் சொன்னபோது, பிள்ளை விலகிப் போகிறாள் என்று நான் அழுதிருக்கிறேன். தள்ளிவிட்ட கை எது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

"இனிமே எனக்காகப் பேசாத. எனக்குப் பக்கத்துல மட்டும் இரு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை.' கட்டுரைக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள், நல்ல மதிப்பெண்தான். ஆனால் இப்படி ஒரு விசாரணை நடந்தது என்ற குறிப்பு நான் பட்டம் வாங்கும்வரை என் கோப்பில் இருக்குமாம். நிரூபிக்கப்படவில்லை என்பதும் செய்யவில்லை என்பதும் ஒன்றா? திருட்டுப் பட்டம் கட்டிவிட்டு, சாட்சி கிடைக்கவில்லை போ என்று அனுப்புவதற்குப் பெயர் விடுதலையா?

மேல்முறையீடு செய்தேன். அதற்கு ஒரு அலுவலகம், அது இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. தவறான படிவம் என்று ஒருமுறை, காலக்கெடு தாண்டிவிட்டது என்று ஒருமுறை. தாண்டவில்லை என்று தேதியோடு காட்டினால், கோடை விடுமுறை, பொறுப்பாளர் இல்லை. நான் விடவில்லை. எல்லாக் கடிதத்தையும் அதே கெட்டி ஆங்கிலத்தில் எழுதினேன். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கஞ்சி போட்டு எழுதினேன். 'இதனை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்' என்ற வாக்கியத்தை ஒரு கடிதத்திலும் விடவில்லை.

குளிர்காலம் வந்த பிறகு ஒரு வழியாகக் குறிப்பை நீக்கினார்கள். இரண்டு வரி மின்னஞ்சல். 'தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' ஏற்பட்டிருக்கக்கூடிய. அன்றைக்குப் போனில் கேட்ட 'இருக்கலாம்' என்ற சொல்லின் கூடப்பிறந்தது. மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் எழுதவில்லை. பேராசிரியரைப் பிறகு லிஃப்டில் ஒருமுறை பார்த்தேன். என் தளம் வரும்வரை அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

நேற்று ஜாபருக்குப் போன் செய்தேன். நடந்தது முழுவதையும் முதல் முறையாகச் சொன்னேன்.

முடியும்வரை கேட்டான். பிறகு, "அப்ப அனுப்ப வேணாங்கிறியா?" என்றான்.

"நான் அப்புடிச் சொல்லல. படிப்பு நல்ல படிப்பு. எனக்குப் புடிச்சிருக்கு, முடிக்கத்தான் போறேன். ஆனா நல்லா நடத்துவாய்ங்களான்னு என்கிட்ட கேக்காத. அவளுக்குச் சண்ட போடத் தெரியுமான்னு அவகிட்ட கேளு."

"பொம்பளப் புள்ளைக்குச் சண்ட சொல்லிக் குடுத்தா வளத்தோம்?"

"அது ஒங்க தப்பு."

"என்னக்கா இம்புட்டுக் கோவமாப் பேசுற. நீ முன்ன இப்புடி இல்லியே."

"முன்ன ஒரு சத்தமும் போடாம இருந்தேன். அதுக்கு இங்க என்ன கெடச்சுச்சுன்னு இப்பத்தான சொன்னேன்."

அவன் மகளிடம் போனைக் கொடுத்தான். அவளும் நானும் ரொம்ப நேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்கு மட்டும் சொன்னது.

8

என் வழக்கு முடிந்து சில வாரம் கழித்து, நூலகத்தில் ஒரு பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஜஸ்லீன். பஞ்சாபில் ஒரு சின்ன ஊர்க்காரி, என்னோடு அதே வகுப்பில் படித்தவள். நான் குழுவை எதிர்த்து ஜெயித்தேன் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவளுக்கும் அதே பருவத்தில் அதே மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"நீ எழுதியதுதானா?" என்று கேட்டேன்.

"ஆமாம்."

"பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய்?"

"விசா, ஆன்ட்டி" என்றாள். மாணவர் விசாவில் இருப்பவள். விசாரணை என்றாலே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள். இன்னும் சிலரைச் சொன்னாள். வியட்நாம்காரப் பையன் ஒருவன், நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண். எல்லோரும் ஆங்கிலத்தை வேறு எங்கோ கற்றுக்கொண்டு வந்தவர்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள். செய்யாத தவறை ஒப்புக்கொண்டு, நேர்மையைப் பற்றி இணையத்தில் வகுப்புக் கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் ஜஸ்லீன் எழுதிய இன்னொரு கட்டுரையின் மேலும் மென்பொருள் மஞ்சள் பூசிவிட்டது. முதலில் ஒப்புக்கொண்டவள் என்பதால் இது இரண்டாவது குற்றம். படிப்பை நிறுத்தி வைக்கலாம். படிப்பு நின்றால் விசாவும் நிற்கும். துணைக்கு வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

அந்த விசாரணை இன்று காலை நடந்தது. முடிவு சொல்ல இன்னும் சில வாரம் ஆகுமாம். அது என்னவாக இருந்தாலும், மேல்முறையீட்டுக்கு எந்த அலுவலகத்தின் கதவை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

குழுவில் இந்த முறை வேறு ஆட்கள். தலைமையில் இருந்தவர் இளைஞர். மரியாதையானவர். என் நரையைப் பார்த்தார். "நீங்கள் இவருடைய தாயாரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மொழிபெயர்ப்பாளரா?"

"இல்லை. இவளோடு படிக்கிறவள்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஜஸ்லீனிடம் முதல் கேள்வியைக் கேட்டார்.  அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும், அது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு திருப்பம், மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களையும் பார்க்கவில்லை. ஜஸ்லீனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வெகுநேரம் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் அவர்களும் அவள் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. அவள் தொடங்கிய முதல் வாக்கியம் பாதியில் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதை "நான்" என்று தொடங்கினாள், அதன் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை.